"சாப்டியா?"ன்னு கொரியன்ல எப்படிக் கேக்கறது?

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டு, ஒரே விஷயம் இரண்டு முறை வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.

இன்னிக்கு எபிசோட் கொரியன் சாப்பாட்டு வார்த்தைகளைப் பத்தி. "கிம்ச்சின்னா இது, கிம்பப்னா இது"ன்னு லிஸ்ட் போடப் போறதில்ல. ட்ராமா பாத்தே அதெல்லாம் உங்களுக்குப் பாதி தெரியும். நாம எடுத்துக்கப் போறது கொஞ்சம் வார்த்தைதான். ஆனா ஒவ்வொண்ணையும் கொரியாக்காரங்க யார்கிட்ட, எந்த நேரத்துல, எதுக்காகச் சொல்றாங்கன்னு பாக்கப் போறோம்.

என்னைப் பத்திப் புதுசா கேக்கறவங்களுக்கு ஒரு வரி. சொந்த ஊர் சின்னமனூர், தேனி மாவட்டம். வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கொரியன் மேனேஜர்கள் இருக்குற ஒரு கம்பெனியில. 1998ல இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஃபேக்டரியில இருந்து முதல் சான்ட்ரோ வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த ரோட்டோரமா கொரியன் எழுத்துல போர்டு வச்ச கடை, கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் சாதாரணமாயிடுச்சு. அதனால தமிழ்நாட்டுல கொரியன் படிக்கிறவங்க எல்லாருமே ட்ராமாவுக்காகப் படிக்கிறவங்க இல்ல. என்னை மாதிரி நிறைய பேரு சோத்துக்காகப் படிக்கிறோம்.

சோறுன்னு சொன்னேன்ல, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நம்ம மீம், அவங்க டயலாக்

நம்ம இன்டர்நெட்ல ரொம்ப அடிவாங்கின ஒரு வார்த்தை "சாப்டியா?" ஒரு பொண்ணோட இன்பாக்ஸ்ல போயி "ஹாய், சாப்டியா?"ன்னு கேட்டா அவன் மீம் மெட்டீரியல். பேசத் தெரியாதவன், வேற டாபிக் இல்லாதவன்னு அர்த்தம். அதே நாம ராத்திரி ட்ராமா பாக்கறோம். ஹீரோ போன் பண்ணி, கொஞ்சம் கேப் விட்டு, "பம் மொகொஸ்ஸொ?"ன்னு கேக்கறான். நமக்கு உருகிடுது. ஸ்டேட்டஸ் போடறோம்.

"பம் மொகொஸ்ஸொ"ன்னா என்ன? "சோறு சாப்டியா?" அவ்வளவுதான். வார்த்தைக்கு வார்த்தை அதேதான்.

"பப்"னா சோறு. வீக்எண்ட் போற பப் இல்ல. எழுதும்போது "பப்", ஆனா அடுத்து "மொகொஸ்ஸொ"வோட "ம" வர்றதால வாயில "பம்"னு வரும். தமிழ் எழுத்துல கொரியன் உச்சரிப்பு தோராயமாத்தான் வரும், அதனால முடிஞ்சா ஹங்குல் எழுத்தைக் கத்துக்கங்க. ஒரு வாரம் உக்காந்தா படிக்க வந்துடும்.

இந்தக் கேள்வியை எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேக்க முடியாது. ஃப்ரெண்டுகிட்ட, தம்பிகிட்ட "பம் மொகொஸ்ஸொ?" ஆபீஸ்ல மேல இருக்கறவர்கிட்ட "ஷிக்சா ஹஷ்யொஸ்ஸொயோ?" அதாவது "உணவருந்தினீங்களா?" வயசான தாத்தா பாட்டிகிட்ட "ஜின்ஜி ஜப்சுஷ்யொஸ்ஸொயோ?" இங்க கவனிங்க. நாம "சாப்டியா"வை "சாப்டீங்களா"ன்னு மாத்துவோம், வார்த்தை அதேதான், வால் மட்டும் மாறும். அவங்களுக்கு வாலும் மாறும், வார்த்தையும் மாறும். பெரியவங்க முன்னாடி இருக்குற சோத்துக்கு "பப்"ங்கிற பேரே கிடையாது, அது "ஜின்ஜி". கோயில்ல சாமிக்குப் படைக்கிறதைச் சோறுன்னு சொல்லாம "அமுது"ன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

நெல், அரிசி, சோறு

இங்கிலீஷ்ல வயல்ல நிக்கிறதும் ரைஸ், மூட்டையில இருக்கறதும் ரைஸ், தட்டுல இருக்கறதும் ரைஸ். நமக்கு மூணும் மூணு பொருள்: நெல், அரிசி, சோறு. கொரியன்லயும் மூணுக்கும் தனித்தனிப் பேரு. நெல்லுக்கு "ப்யொ", அரிசிக்கு "ஸ்ஸல்", சோத்துக்கு "பப்". இங்கிலீஷ் வழியா கொரியன் படிக்கிறவங்க இந்த இடத்துல கொஞ்சம் முழிப்பாங்க. கம்பம் பள்ளத்தாக்குல வளந்த யாருக்கும் இது ஒரு நிமிஷப் பாடம்.

"ஸ்ஸல்"ல அந்த "ஸ்ஸ"வை நல்லா அழுத்திச் சொல்லணும். லேசா "ஸல்"னு சொன்னா அது சதை, கறி. "ஸம்க்யொப்ஸல்"னு பன்னிக்கறி சாப்பிடறாங்கல்ல, அது "மூணு அடுக்குச் சதை"ன்னு அர்த்தம். இதுல ஒரு தமாஷ். கொரியாவோட தென்கிழக்குல க்யொங்சாங்னு ஒரு பகுதி இருக்கு, புசான் எல்லாம் அந்தப் பக்கம். அந்த ஊர்ப் பெரியவங்களுக்கு இந்த "ஸ்ஸ" வராது, அரிசியையும் "ஸல்"னுதான் சொல்வாங்க. சோல்காரங்க அதை வச்சுக் கிண்டல் பண்ணுவாங்க. வாழைப்பழத்தை "வாளப்பளம்"னு சொல்ற ஊர்ல இருந்து வந்த எனக்கு அதைக் கேட்டதும் சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

இப்ப இன்னொரு ஜோடி. "ஸ்ஸல்பப்"னா வெள்ளை அரிசிச் சோறு. "பொரிபப்"னா பார்லிச் சோறு. ஏன் தனித்தனிப் பேரு? ஏன்னா ரெண்டுக்கும் நடுவுல வசதி இருக்கு. "ஸ்ஸல்பப்பும் கொகிக்குக்கும்"னு அவங்க சொல்வாங்க. அரிசிச் சோறும் கறி சூப்பும். நல்ல வாழ்க்கைக்கு அதுதான் அடையாளம்.

எங்க அப்பத்தா பொறந்தது ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு மானாவாரி ஊரு. மழையை நம்பின காடு. கம்பங்களி, சோளச்சோறு, கேப்பைக்கூழ்தான் தினப்படி. தீபாவளி, பொங்கலுக்குத்தான் "நெல்லுச்சோறு". சின்னமனூருக்கு வாக்கப்பட்டு வந்த புதுசுல தினமும் நெல்லுச்சோறு வடிக்கிறதைப் பாத்துத் திகைச்சுப் போச்சாம். "நெல்லுச்சோறும் கறிக்கொழம்பும்"னு அது சொல்ற தொனிக்கும் அந்தக் கொரியன் சொல்லுக்கும் மொழிபெயர்ப்பே வேணாம்.

பார்லி மேடு

கொரியன்ல "பொரிட்கொகே"ன்னு ஒரு வார்த்தை. பொரின்னா பார்லி, கொகேன்னா மலைமேடு, கணவாய். "பார்லிக் கணவாய்". இது இடப்பேரு இல்ல, ஒரு காலத்தோட பேரு. போன வருஷத்து அரிசி தீந்துடும், இந்த வருஷத்து பார்லி இன்னும் விளைஞ்சிருக்காது. நடுவுல வசந்த காலத்துல சில வாரம். அதைப் பட்டினியோட தாண்டணும், மலையைத் தாண்டற மாதிரி. 1960கள் வரைக்கும் கொரியக் கிராமங்கள்ல இது வருஷா வருஷம் வந்த விஷயம்.

அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தரைப் பாத்ததும் "சோறு சாப்டியா?"ன்னு கேட்டா, அது வேற டாபிக் இல்லாம கேக்கறது இல்ல. அன்னிக்கு ஒரு மனுஷன்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

நம்ம பக்கமும் கதை வேற இல்ல. 1876ல இருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். அதுக்கு அப்புறம்தான், ரொம்ப நாளாப் பேச்சாவே இருந்த முல்லைப் பெரியாறு திட்டம் வேகம் எடுத்துச்சு. 1887ல வேலை ஆரம்பிச்சு 1895ல அணை திறந்தாங்க. இன்னிக்குக் கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லு விளையுதுன்னா அந்தத் தண்ணிதான். பென்னிகுயிக் பேரைப் புள்ளைக்கு வைக்கிற ஊர்ல சோறுங்கிறது சாதாரண வார்த்தை இல்ல.

இன்னொரு தொடர்பு சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. "ஐ.ஆர். எட்டு" நெல்லு கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க தாத்தாகிட்ட கேளுங்க, அவருக்குத் தெரியும். ஃபிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1966ல வந்த குட்டை ரகம். தமிழ்நாட்டு வயல்கள்ல பெரிய ரவுண்டு வந்துச்சு. அதே ஐ.ஆர். எட்டை ஒரு பெற்றோரா வச்சு, கொரியாவுக்குன்னு உருவாக்கின ரகம்தான் "தோங்கில்". 1970களோட ஆரம்பத்துல அங்க பரவுச்சு. 1977ல கொரியா அரிசியில தன்னிறைவு அடைஞ்சுது. கொரியாக்காரங்களுக்கு அந்தச் சோத்து ருசி பிடிக்கல, ஒட்டாம உதிரி உதிரியா இருக்குன்னாங்க. ஆனா வயிறு நிரம்புச்சு. எங்க தாத்தா வயல்ல நின்ன நெல்லும் அவங்க தாத்தா வயல்ல நின்ன நெல்லும் பங்காளிங்கன்னு வச்சுக்கங்க.

அதுக்கு முன்னாடி வரைக்கும் அங்க அரிசியை மிச்சம் பிடிக்க அரசாங்கமே "கோதுமை மாவு சாப்பிடுங்க"ன்னு இயக்கம் நடத்துச்சு. ஸ்கூல்ல டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்து, வெறும் அரிசிச் சோறா, வேற தானியம் கலந்திருக்கான்னு செக் பண்ணுவாங்க. மாவுச் சாப்பாட்டுக்குப் பேரு "புன்ஷிக்". இன்னிக்கு ட்ராமாவுல ஸ்கூல் விட்டதும் பசங்க தொக்பொக்கி சாப்பிடப் போற கடை "புன்ஷிக்ஜிப்". ஜாலியான வார்த்தையா இருக்குல்ல? பொறந்தது பஞ்ச காலத்துல.

பன்சன்னா வெஞ்சனம்

"பன்சன்"னா சோத்துக்குத் தொட்டுக்க வர்ற சின்னச் சின்னக் கிண்ணங்கள். கிம்ச்சி, கீரை, முளைகட்டின பயறு, கருவாடு. இங்கிலீஷ்ல சைட் டிஷ்னு சொல்றாங்க. ஆனா சைட் டிஷ்னா மெயின் டிஷ்னு ஒண்ணு இருக்கணும். அங்க மெயின் சோறு மட்டும்தான். மத்ததெல்லாம் சோத்தை உள்ள அனுப்பறதுக்கு வந்தது.

இதுக்குச் சரியான தமிழ் எங்க ஊர்ல இருக்கு: "வெஞ்சனம்". மதுரை, தேனி பக்கம் போன் பண்ணா ரெண்டு கேள்வி வரும். "சோறுண்டியா? என்ன வெஞ்சனம்?" இந்த ரெண்டையும் அப்படியே கொரியன்ல போடலாம், ஒண்ணும் சிதறாது. 2021ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஒரே நேரத்துல 26 கொரியன் வார்த்தைகளைச் சேத்துச்சு. அதுல "பன்சன்" உண்டு. "வெஞ்சனம்"? சென்னைக்கு வந்த முதல் மாசமே அந்த வார்த்தையை நிறைய பேரு பையிலயே வச்சுட்டு "சைடிஷ்"னு சொல்ல ஆரம்பிச்சுடறாங்க.

வார்த்தைகளோட வால்களைக் கத்துக்கிட்டா மெனு கார்டு ஈஸி. "குக்"னா தண்ணியா இருக்குற சூப். "ச்சிகே"ன்னா அதைவிடக் கெட்டியான கொழம்பு. "பொக்கும்"னா வதக்கினது. "குய்"னா சுட்டது. "ச்சிம்"னா ஆவியில வேக வச்சது. "கரு"ன்னா பொடி. இப்ப நீங்களே சேருங்க. கோச்சுன்னா மிளகாய், "கோச்சுகரு"ன்னா மிளகாப்பொடி. "பொக்கும்பப்"? வதக்கின சோறு, ஃப்ரைட் ரைஸ். "குக்பப்"? சூப்புல ஊறின சோறு. நம்ம ரசஞ்சோறு மாதிரி.

சாப்பாட்டுப் பேருல வேற அர்த்தம்

அகராதியில கிடைக்காத விஷயங்களுக்கு வருவோம்.

கல்யாண வயசுல இருக்கறவங்களைப் பாத்து கொரியாவுல "குக்சு எப்ப போடப் போற?"ன்னு கேப்பாங்க. குக்சுன்னா நூடுல்ஸ். நீளமா இருக்குறதால நீண்ட வாழ்க்கைக்கு அடையாளமா அதைக் கல்யாண விருந்துல போடற வழக்கம். நம்ம "கல்யாணச் சாப்பாடு எப்ப போடப் போற?"தான். அந்தக் கேள்வி வந்தா ரெண்டு நாட்டுலயும் ஓடற வேகம் ஒண்ணுதான்.

"மியொக்குக்", கடல்பாசி சூப். புள்ள பெத்த தாய்க்கு வாரக்கணக்குல அதைத்தான் குடுப்பாங்க, நம்ம வீட்டுல பூண்டு போட்ட பத்தியக் கொழம்பு மாதிரி. அதனால ஒவ்வொருத்தரும் தன் பொறந்தநாள்ல அதைக் குடிப்பாங்க. அம்மா பட்ட கஷ்டத்தை நினைச்சு. பொறந்தநாள் அன்னிக்கு ஒரு கொரியரைப் பாத்தா "மியொக்குக் சாப்டியா?"ன்னு கேளுங்க, சந்தோஷப்படுவாங்க. ஆனா எக்ஸாம் எழுதிட்டு வந்தவர்கிட்ட கேக்காதீங்க. பாசி வழுக்கும்ல, அதனால "மியொக்குக் சாப்பிட்டான்"னா ஃபெயில் ஆயிட்டான்னு அர்த்தம்.

எக்ஸாமுக்குக் குடுக்கறது "யொத்". கமர்கட்டு மாதிரி பல்லுல ஒட்டற மிட்டாய். கொரியன்ல பாஸ் ஆகறதுக்கும் ஒட்டறதுக்கும் ஒரே வினைச்சொல். குடுக்கலாம், தப்பில்ல. ஆனா குடுக்கும்போது "யொத் மொகொ", அதாவது "யொத் சாப்பிடு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது கெட்ட வார்த்தை.

"ராம்யொன் சாப்ட்டுட்டுப் போறியா?" 2001ல வந்த ஒரு கொரியப் படத்துக்கு அப்புறம் இந்தக் கேள்விக்கும் நூடுல்ஸுக்கும் சம்பந்தம் கம்மி. ராத்திரி வீட்டு வாசல்ல யாராவது இப்படிக் கேட்டா, "இன்னிக்கு ராத்திரி இங்கயே இரு"ன்னு அர்த்தம். நீங்களா யார்கிட்டயும் அப்பாவியாக் கேட்டு வைக்காதீங்க.

"பப் ஹன்பொன் மொக்சா", "ஒரு நாள் சேந்து சாப்பிடுவோம்". ஆபீஸ்ல அடிக்கடி கேக்கும். இதைக் கேட்டதும் காலண்டரைத் திறக்க வேணாம். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்"னு பஸ் ஸ்டாண்ட்ல சொல்லிட்டுப் போறோம்ல, அந்த வகை. தேதி சொன்னாத்தான் அழைப்பு.

"ச்சன்பப்", ஆறிப்போன சோறு. "என்னை ச்சன்பப் மாதிரி நடத்தறாங்க"ன்னா மதிக்கலன்னு அர்த்தம். இங்கதான் ரெண்டு ஊரும் கொஞ்சம் பிரியுது. நமக்குப் பழைய சோறு, நீச்சத்தண்ணி, சின்ன வெங்காயம்னா நாக்குல தண்ணி ஊறும். ஸ்டார் ஹோட்டல்லகூட மண்சட்டியில வைக்கிறாங்க. ஆனா காட்டு வேலைக்கு வந்தவங்களுக்கு வாசல்ல வச்சுப் பழையதை ஊத்தின வீடுகளும் நம்ம ஊர்ல இருந்துச்சு. அதை வாங்கிக் குடிச்சவங்ககிட்ட கேட்டா "ச்சன்பப்"புக்கு அர்த்தம் நம்மைவிட நல்லாச் சொல்வாங்க.

கடைசியா "ஷிக்கு". வீட்டு ஆளுங்க, குடும்பம்னு அர்த்தம். ஆனா எழுத்துப்படி "சாப்பிடற வாய்கள்". ஒரே பானையில சாப்பிடறவங்க குடும்பம். அண்ணன் தம்பி பிரிஞ்சா நாம "சொத்துப் பிரிஞ்சுது"ங்கிறதுக்கு முன்னாடி "அடுப்பு பிரிஞ்சுது"ம்போம்ல, அதே கணக்கு.

சாப்பிட உக்காந்தா

மேஜையில மூணு விஷயம். பெரியவங்க ஸ்பூனை எடுத்த அப்புறம்தான் நீங்க எடுக்கணும். சோத்துக் கிண்ணத்துல ஸ்பூனையோ குச்சியையோ செங்குத்தாக் குத்தி வைக்கக் கூடாது. அது செத்தவங்களுக்குப் படையல் வைக்கிற முறை. நம்ம வீட்டுல இலையை எந்தப் பக்கம் மடிக்கணும்னு பாட்டி அதட்டும்ல, அதே ரகம். மூணாவது, சாப்பிடறதுக்கு முன்னாடி "சல் மொக்கெஸ்ஸும்னிதா", "நல்லாச் சாப்பிடப் போறேன்". முடிச்சதும் "சல் மொகொஸ்ஸும்னிதா", "நல்லாச் சாப்பிட்டேன்". சமைச்சவங்க கேக்கற மாதிரி சொல்லணும். நாம எந்திரிச்சுக் கை கழுவப் போயிடறோம், இதை மட்டும் அவங்ககிட்ட இருந்து கடன் வாங்கலாம்.

ஒரே மொழியா?

இதைக் கேக்காம விட மாட்டீங்க. "அப்பா கொரியன்லயும் அப்பா, அம்மா ஒம்மா, புல் கூட புல்தான். அப்ப கொரியன் தமிழ்ல இருந்துதானே வந்துச்சு?"

இந்த யோசனை பழசு. ஹோமர் ஹல்பர்ட்னு கொரியாவுல இருந்த ஒரு அமெரிக்கர் 1905லயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகமே போட்டார். ஆனா இன்னிக்கு மொழியியல் ஆட்கள் பெரும்பாலும் இந்த உறவை ஏத்துக்கறதில்ல. அம்மா, அப்பா மாதிரி குழந்தை வாய் வார்த்தைகள் உலகத்துல எத்தனையோ மொழியில ஒரே சாயல்ல இருக்கும். தற்செயலா சில வார்த்தை ஒத்துப்போறதும் எந்த ரெண்டு மொழிக்கும் நடக்கும்.

இன்னிக்கு நாம பாத்த வார்த்தைகளை எடுங்க. பப்பும் சோறும் சத்தத்துல கிட்டயே வராது. பன்சனும் வெஞ்சனமும் பரம்பரையால சொந்தம் இல்ல. ஆனா பசியைத் தாண்டி வந்த ரெண்டு ஜனங்க அந்த வார்த்தைகளை ஒரே மாதிரி பொழங்கறாங்க. வாட்ஸ்அப்ல வர்ற "500 தமிழ்ச் சொற்கள் கொரியனில்" லிஸ்டைவிட இந்த நெருக்கம் நிஜமானது, மொழி கத்துக்கறதுக்கும் உதவக்கூடியது.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. கொரியாவுல கோடீஸ்வரனும் "பப்"தான் சாப்பிடறான், கூலிக்காரனும் "பப்"தான் சாப்பிடறான். நாம சோறுன்னு சொன்னா நாகரிகம் இல்லன்னு சாதம்னோம், அப்புறம் அதுவும் பத்தாம ரைஸ்னு ஆக்கிட்டோம். கேட்டரிங் பையன் "ரைஸ் போடட்டா சார்?"னுதான் கேக்கறான். மூணு வருஷம் "பப்"பை வாய் நிறைய சொல்லிப் பழகினதுக்கு அப்புறம், ஆபீஸ் கேன்டீன்ல "அண்ணே, கொஞ்சம் சோறு போடுங்க"ன்னு சத்தமாக் கேக்கறதுல எனக்கு எந்தக் கூச்சமும் இல்ல.

சரி, வீட்டுப்பாடம். இந்த வாரம் மூணே மூணு வாக்கியம்: "பம் மொகொஸ்ஸொ?", "சல் மொக்கெஸ்ஸும்னிதா", "சல் மொகொஸ்ஸும்னிதா". சாப்பாட்டு நேரத்துல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. கூடவே ஒண்ணு: உங்க ஊர்ல வெஞ்சனத்துக்கு என்ன பேருன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டு, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கோயம்புத்தூர்ல ஒண்ணு சொல்வாங்க, நாகர்கோவில்ல ஒண்ணு சொல்வாங்க. வந்ததை எல்லாம் சேத்து அடுத்த எபிசோட்ல போடறோம்.

அடுத்த வாரம் கொரியன்ல சொந்தக்காரங்களைக் கூப்பிடற முறை. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வேற வேற பேரு வச்சிருக்கற நமக்கு அது பெரிய கஷ்டம் இல்ல.

மணி ஒண்ணாகப் போகுது. நான் போயி சாப்பிடறேன். நீங்க சாப்டாச்சா?